மேற்குச் சன்னலும் 76 செ.மீ. மேசையும்: மஞ்சக்குப்பத்து மாடி அறைக்கு ஒரு பதில்

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடியில் வாடகை வீடு, தலைக்கு மேல் மொட்டை மாடி. வேலைக்கென்று ஒதுக்கியது 10-க்கு 9 அடி அறை. மேற்கே பெரிய சன்னல், வடக்கே சின்ன சன்னல், தெற்கே வாசல். சென்னைக் கம்பெனி வேலை, மதியம் 2 முதல் இரவு 11 வரை. உங்கள் உயரம் 157 செ.மீ. மேற்குச் சன்னலைப் பார்த்தபடி மேசை போட்டிருக்கிறீர்கள், லேப்டாப் மட்டும்தான். 9,000 ரூபாய் நாற்காலி வாங்கியும் தோள்பட்டை வலி போகவில்லை. நாலு மணிக்கு மேல் திரை கண்ணுக்குத் தெரியவில்லை, ராத்திரி எட்டு மணிக்கும் அறை அடுப்படி மாதிரி இருக்கிறது. கையில் 40,000 ரூபாய் வைத்துக்கொண்டு, ஏற்றி இறக்கும் மேசை வாங்குவதா, ஏசி போடுவதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். எனக்கு வேலை கட்டட வரைபடம் போடுவது. 2020-லிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து அதைச் செய்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டு அறைகளையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அறையில் எனக்குத் தெரிவது இரண்டு கோளாறுதான். மேசை தப்பான திசையைப் பார்க்கிறது. அப்புறம் அது உங்களுக்கு உயரம்.

திசையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் மேற்குச் சுவர்தான் சத்துரு. காலை வெயில் ஏறும்போது கிழக்குச் சுவர் இன்னும் ராத்திரியின் குளிர்ச்சியில் இருக்கும். மூன்று மணி வெயில் மேற்குச் சுவரில் விழும்போது வீடே ஏற்கெனவே சுட்டுப்போயிருக்கும். வெயிலும் சாய்ந்து வருவதால் சன்னலுக்கு மேலே இருக்கும் ஒன்றரை அடி சன்ஷேடு அதை மறிக்காது. உங்கள் வேலை நேரமோ சரியாக அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது. காலை ஷிப்டில் இருக்கும் ஒருவருக்கு இதே அறை பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

மேசையைக் கிழக்குச் சுவரோடு போடுங்கள், நீங்கள் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். வடக்குச் சன்னல் இடது கைப்பக்கம் வரும். வலது கையால் எழுதுகிறவர் என்றால் கை நிழல் காகிதத்தில் விழாது. வாசல் வலது பக்கம், யார் வந்தாலும் தலையைத் திருப்பாமல் தெரியும். மாமியார் வாஸ்து பார்ப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். கிழக்கே பார்த்து உட்காருவதற்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார், அந்த வகையிலும் ஒரு சண்டை மிச்சம்.

வடக்கு வெளிச்சத்தை நான் விரும்பக் காரணம் அது நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், கண்ணைக் கூசாது. கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அது உச்சியை ஒட்டியே இருப்பதால் சின்ன சன்ஷேடே போதும். வடக்குச் சன்னலின் உண்மையான தொல்லை வெயிலில் இல்லை, ஐப்பசி கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் மேசையின் இடது ஓரத்துக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி விடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேசையின் அடிப்பக்கத்தில் திருகி மாட்டிவிடுங்கள்.

சரி, இப்போது மேற்குச் சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அப்படியே விட்டால் திரையில் அதன் பிம்பம் விழும், வீடியோ காலில் உங்கள் முகம் கறுத்துத் தெரியும். எனவே அந்தச் சன்னலை மதியத்துக்கு மேல் மூட வேண்டும், அதுவும் வெளியிலிருந்து. இதில்தான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். உள்ளே எவ்வளவு கனமான திரைச்சீலை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அதில் படுகிறது. துணி சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். அதே வெயிலை வெளியே ஒரு மூங்கில் தட்டியில் தடுத்தால் சூடு தெருவோடு போய்விடும். கம்பியிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிடுங்கள், இடையில் காற்று ஓட வேண்டும். பச்சை வலை இன்னும் மலிவு, ஆனால் பார்க்க நர்சரித் தோட்டம் மாதிரி இருக்கும். வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்காமல் சன்னல் கம்பியிலேயே கட்டலாம்.

வெட்டிவேர் தட்டி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் மாவட்டத்துக் கடலோர மணலில் விளையும் பொருள், ஆசை வருவது நியாயம். தண்ணீர் தெளித்த வெட்டிவேர் குளிர்ச்சி தருவது நீர் ஆவியாவதால். அதற்குக் காற்று வறண்டு இருக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் மேல்காற்று வறட்சியாக அடிக்கும்போது மேற்குச் சன்னலில் அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் மதியம் ஒன்று இரண்டு மணிக்குக் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறிவிடும், அப்புறம் வாசனை மட்டும்தான் மிச்சம். உங்கள் ஷிப்டுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. வாசனைக்காக வாங்கினால் நான் தடுக்க மாட்டேன், தினமும் காயவிட்டால் பூஞ்சை பிடிக்காது.

ராத்திரி எட்டு மணிச் சூடு வேறு கதை, அது மேலிருந்து வருகிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, பல மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கம் விடும். மொட்டை மாடி ஆறிய பிறகும் உங்கள் தலைக்கு மேலே கூரை சுட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். ஏணி வைத்து ஏறிக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பழைய தட்டு ஓடு பதித்த மாடியானால் அழுக்கேறிக் கறுத்திருக்கும், அது இன்னும் மோசம். இதற்கு மருந்து வெள்ளை. மாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உங்கள் அறைக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டுமாவது இரண்டு மூன்று கை சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டும் கடையில் கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் சில வருஷம் நிற்கும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆகவே மாசி மாதத்தில் அடித்தால் அந்தக் கோடைக்கு ஆகும். ஏசி போடுவதாக இருந்தாலும் இதை முதலில் செய்ய வேண்டும். சுட்ட கூரைக்குக் கீழே ஓடும் ஏசி, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் வேலை. தமிழ்நாட்டு மின்கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் சட்டென்று எகிறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, சூரியன் சாய்ந்த பிறகு மின்விசிறி மட்டும் ஓடினால் அது கூரையடியில் தேங்கிய சூட்டுக்காற்றைத்தான் உங்கள் மேல் தள்ளும். ஏழு மணிக்குத் தட்டியைச் சுருட்டி, மேற்குச் சன்னலைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். உள்சூட்டை அது வெளியே தள்ளும்போது தெற்கு வாசல் வழியாகக் கடல்காற்று உள்ளே வரும். ஹாலில் கிழக்கிலோ தெற்கிலோ ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். கொசு வலை அடித்த சன்னல் என்றால் காற்று பாதியாகிவிடும், ஆனால் நம் ஊரில் வலை இல்லாமல் உட்காருங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி தோள்பட்டை. உங்கள் நாற்காலியில் குற்றமில்லை என்று நினைக்கிறேன். மேசையை அளந்து 76 செ.மீ. என்று எழுதியிருந்தீர்கள். கடையில் விற்கும் மேசை எல்லாம் 75, 76 தான், அது உங்களைவிட ஓர் அரை அடியாவது உயரமான ஆளுக்குப் போட்ட கணக்கு. 157 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குத் தரையிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை 40 செ.மீ. இருக்கும். உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டு மடக்கினால், இருக்கையிலிருந்து முழங்கை வரை 22, 23 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 62, 63. விசைப்பலகை அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். உங்களுடையது 13 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த 13 செ.மீ.யையும் நாள் முழுக்க உங்கள் தோள் தூக்கிப் பிடிக்கிறது. நாற்காலியை ஏற்றினால் தோள் இறங்கும், ஆனால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். எத்தனை ஆயிரம் கொடுத்து நாற்காலி வாங்கினாலும் இந்தக் கூட்டல் மாறாது.

மேசை உங்களுடையதா, மரக் காலா? அப்படியானால் தச்சரைக் கூப்பிட்டுக் காலில் 4 அங்குலம் அறுக்கச் சொல்லுங்கள். முத்தியால்பேட்டையில் எனக்கு வேலை செய்யும் ஆசாரியிடம் முதல் தடவை இதைச் சொன்னபோது நான் அரை மணி நேரம் காரணம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "எவ்ளோ அறுக்கணும்னு சொல்லுங்க சார், ஏன்னு அப்புறம் சொல்லுங்க" என்றார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. 4 அங்குலம் போனால் மேசை 66-க்கு வரும். மிச்சத்துக்கு நாற்காலியை இரண்டு விரற்கடை ஏற்றி, காலடியில் ஒரு மணைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள். 62 வரைக்கும் அறுக்க வேண்டாம், தொடைக்கு இடம் இருக்காது. மேசைக்கு அடியில் இழுப்பறை இருந்தால் அதைக் கழற்றிவிடுவது நல்லது. மேசை வீட்டுக்காரருடையது என்றால் அறுக்காதீர்கள். நாற்காலியை முழங்கை அளவுக்கு ஏற்றி, பாதத்துக்கு 5 அங்குல உயரத்தில் பலகை செய்து வாங்குங்கள், கொஞ்சம் சாய்வாக இருந்தால் இன்னும் சுகம்.

லேப்டாப்பை மட்டும் வைத்து ஒன்பது மணி நேரம் வேலை செய்ய முடியாது. விசை சரியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், திரையை உயர்த்தினால் கை உயர்ந்துவிடும். தனி விசைப்பலகை, மவுஸ், அப்புறம் 24 அங்குலத் திரை ஒன்று. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, தூரம் கை நீட்டினால் தொடும் அளவு. மவுஸ் விசைப்பலகையை ஒட்டியே இருக்கட்டும். அது தள்ளிப் போனால் வலது தோள் மறுபடி வலிக்கும். விரல்களில் மரமரப்போ ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலியோ இருந்தால் மேசையோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏற்றி இறக்கும் மேசையை வேண்டாம் என்பதற்குக் காரணம், வாங்கியவர்கள் மூன்றாவது மாதத்திலிருந்து அதை ஏற்றுவதில்லை. நான் பார்த்தவரை அப்படித்தான். திரை பார்க்கத் தேவையில்லாத ஃபோன் கால்களை எல்லாம் சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுங்கள். கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும், காசு கிடையாது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். அறை 10 அடிதான் என்பதால் அதற்கு வடக்குச் சன்னல் வழியாகத் தெருவைத்தான் பார்க்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் மேசையை அங்கே போடச் சொன்னேன்.

விளக்கு: இப்போது இருக்கும் ஒரே டியூப்லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், உங்கள் நிழலே மேசையில் விழும். இடது பக்கம் ஒரு மேசை விளக்கு வையுங்கள், நீல வெள்ளையும் வேண்டாம், கல்யாண மண்டப மஞ்சளும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் 4000 கெல்வின் பல்பு. அதன் வெளிச்சத்தை எதிரில் உள்ள கிழக்குச் சுவரில் படவிட்டால் வீடியோ காலில் முகமும் தெளிவாகத் தெரியும்.

பேசினால் அறை எதிரொலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெறும் சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, அப்படித்தான் ஒலிக்கும். ஒரு பவானி ஜமக்காளத்தைக் கிழக்குச் சுவரில், திரைக்குப் பின்னால், தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கோரைப்பாய். அவ்வளவு போதும். ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை, வாய்க்கருகே மைக் வரும் ஹெட்செட்தான் கதி.

இனி மின்சாரம், இதில் நம் கடற்கரைக்காரர்களுக்குச் சலுகையே கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது இங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அந்த மாதிரி நாளுக்கு எந்த வீட்டு ஏற்பாடும் தாங்காது, மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சாதாரண நாளின் இரண்டு மூன்று மணி நேர மின்தடைக்கு வழி உண்டு. லேப்டாப் 65 வாட், திரை 25, ரவுட்டர் 12, விளக்கு 10. விசிறி பழையதானால் 75, மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறியானால் 30. பிஎல்டிசி போட்டால் மொத்தம் 142 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பேட்டரி கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்கிறோம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரமாவது ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றீர்கள், இந்த அறையின் பிளக் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் விசிறியும் லைட்டும் மட்டும்தான் சேர்ந்திருக்கும்.

ரவுட்டருக்கு மட்டும் கையடக்க யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்குங்கள், கரண்ட் போய் வரும் அந்த நொடியில் வீடியோ கால் அறுந்துபோகாது. ஆனால் நெட் கொடுப்பவரின் பெட்டிக்கும் தெருவில் கரண்ட் வேண்டுமே. "கரண்ட் போனா உங்க வீட்டுல நெட் வருதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பதுதான் இதற்குச் சரியான ஆய்வு. மொபைல் டேட்டா வேறொரு கம்பெனியுடையதாக இருக்கட்டும். ரவுட்டர் ஹாலில் டிவி பக்கத்தில் இருந்தால் நடுவில் உள்ள சுவர்கள் சிக்னலைத் தின்றுவிடும். அறை வரை ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கேபிளை, சுவர் ஓட்டைக்கு முன்னால் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுத்தான் உள்ளே நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கேபிள் வழியாகவே உள்ளே வழிந்து வரும். என் வீட்டில் அந்த வளைவு இல்லாமல் போய், ரவுட்டரும் மேசையும் ஒரே ராத்திரியில் போயின. மேசை மரத்தூள் பலகையில் செய்தது, அப்பளம் மாதிரி ஊதிவிட்டது. அதிலிருந்து கடலோரத்துக்கு மரத்தூள் பலகை ஆகாது என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். வேம்போ தேக்கோ முடியாவிட்டால் தண்ணீருக்குத் தாங்கும் ஐஎஸ் 710 பிளைவுட் கேளுங்கள். இரும்புக் கால் என்றால் பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று உடனே துருவை ஆரம்பித்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் உங்களுக்கும் சில கிலோமீட்டர்தான்.

காசுக் கணக்கு தோராயமாக இப்படி வரும்: திரை 10,000, விசைப்பலகையும் மவுஸும் 1,500, லேப்டாப் தாங்கி 800, தட்டி 2,500, பிஎல்டிசி விசிறி 3,000, மேசை விளக்கு 1,000, ரவுட்டர் யுபிஎஸ் 1,500, தச்சர் கூலி 500. மொத்தம் 21,000-க்குள் அடங்கும். மிச்சத்தைத் தொடாதீர்கள். அடுத்த கத்திரியிலும் அறை தாங்கவில்லை என்றால் ஒரு டன் ஏசி போடலாம், வெளிப்பெட்டியின் சுருளுக்குத் துரு தடுக்கும் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பையன் ஆறு மணிக்கு வீட்டுப்பாடத்தோடு வந்து நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அவனை வெளியே நிறுத்துவது நடக்காத காரியம். மேசையின் வலது ஓரத்தில் அவனுக்கு ஒரு முக்காலி போட்டுவிடுங்கள். கதவு பாதி திறந்திருந்தால் வரலாம், சாத்தியிருந்தால் அம்மா வீடியோ காலில் இருக்கிறாள் என்று மாமியாரிடமும் சொல்லி வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காசும் செலவில்லாமல் மேசையைத் திருப்பிப் போட்டு, சன்னலுக்கு வெளியே ஒரு பழைய பாயைக் கட்டி, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்து பாருங்கள். சரிப்பட்டால் திங்களன்று தட்டி வாங்கலாம். ஐப்பசி பிறந்ததும் தட்டியை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள், புயல் காற்றில் அது யார் வீட்டு ஓட்டின் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. அப்புறம், மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்கும்போது, கூரை ஒழுகாமலும் இருக்கும் என்று சொல்லாதீர்கள். சுண்ணாம்புக்கு அந்தச் சக்தி இல்லை, ஒழுகினால் பழி உங்கள் மேல் வரும்.